அவசரப்படுத்தும் தொனி

காலை ஆறே முக்கால் மணிக்கு லிஃப்ட் மெக்கானிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பிரசவ அறைக்கு வெளியே காத்திருக்கும் தகப்பனைப் போலத் தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் ஒரு வெள்ளைக் கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. எண்பத்தேழு சதவீதம். பல் துலக்கவில்லை. காபி ஆறிக்கொண்டிருந்தது. சமையலறைக் குழாய் மூன்று நாளாகச் சொட்டிக்கொண்டிருந்தது. இவற்றுக்கெல்லாம் புதுப் பதிப்பு எதுவும் வரவில்லை என்பதால் அவர் கண்டுகொள்ளவில்லை.

"ஏங்க, அந்தக் குழாய..." என்று மனைவி ஆரம்பித்தாள்.

"இரு இரு, எண்பத்தெட்டு வந்துடுச்சு."

"கல்யாணத்தன்னிக்கே அரை மணி நேரம் லேட்டா வந்த மனுஷன். போனுக்குன்னா மட்டும் விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு உக்காந்துக்கறீங்க."

அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவள். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்கு எவ்வளவு தெரியவில்லை என்று சொல்லிவிடுவாள். கணவர் விஷயத்தில் அதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய்விட்டாள்.

கம்பெனியில் அவருக்கு 'அப்டேட்டு' என்று பெயர். போனில் புதிதாக எது வந்தாலும் முதலில் இறக்கிக்கொள்பவர் அவர்தான். மற்றவர்கள் "பேட்டரி சூடாகுமாமே" என்று தயங்கும்போதே அவர் சூடான பேட்டரியோடு ஊர் சுற்றிக்கொண்டிருப்பார். இந்த முறை வந்தது சாதாரண அப்டேட் இல்லை. நீளமான செய்திகளை ஒரே வரியில் சுருக்கித் தரும். படம் எடுத்தால் பின்னால் நிற்கிற வேண்டாதவர்களைத் துடைத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் போனே எடுத்துப் பேசும், அதுவும் நம் குரலிலேயே.

நம் குரலில் பேச வேண்டுமென்றால் அது முதலில் நம் குரலைக் கற்றுக்கொள்ள வேண்டும். எனவே அவர் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, போன் காட்டிய இருபது வாக்கியங்களைத் தேன் தடவினாற்போல வாசித்தார். "தங்கள் அழைப்புக்கு மிக்க நன்றி. தங்களுக்கு நான் எவ்வாறு உதவட்டும்?"

மனைவி கதவைத் தட்டினாள். "உள்ள யாரு?"

"நான்தான்."

"நீங்களா? பன்னெண்டு வருஷமா இந்தக் குரல எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

அடுத்து, போன் சில கேள்விகள் கேட்டது. தெரியாதவர்கள் உங்களை அழைப்பது அவசியமா? அவர் யோசித்தார். தெரியாதவர்கள் அழைத்து அவருக்கு இதுவரை கொடுக்க முன்வந்ததெல்லாம் கடன் அட்டை, காலி மனை, ஆயுள் காப்பீடு. ஆபீஸ் எண், மேனேஜர் எண், கூட வேலை செய்பவர்களின் எண் எல்லாம் பெயரோடு பதிவாகி இருக்கின்றன. 'இல்லை' என்பதை அழுத்தினார். ஒரே எண்ணிலிருந்து மூன்று முறைக்கு மேல் அழைத்தால் தொல்லை எனக் கொள்ளலாமா? ஆம். பேசுகிறவரிடம் அவசரப்படுத்தும் தொனி இருந்தால் ஏமாற்று அழைப்பு எனக் கொள்ளலாமா? இதற்கு அவர் விரலை இரண்டு முறை அழுத்தினார். அவ்வளவு பிடித்துப்போய்விட்டது.

வேலைக்குக் கிளம்பும்போது மனைவியிடமிருந்து பதினோரு வரியில் ஒரு செய்தி வந்தது. போன் அதைச் சுருக்கிக் காட்டியது. 'குழாய். பொறுமை குறைந்து வருகிறது.'

"அடேங்கப்பா!" என்றார் அவர். குழாயைப் பற்றியல்ல.

அந்த வெள்ளிக்கிழமை கம்பெனியில் புது சூப்பர்வைசர் பெயரை அறிவிப்பதாக இருந்தார்கள். பட்டியலில் இருந்தவை இரண்டே பெயர்கள். அதில் ஒன்று அவருடையது. மூன்று மாதமாக அவர்மீது ஒரு புகாரும் இல்லை. "உங்கள மாதிரி டெக்னாலஜி தெரிஞ்ச ஆளுதான் வேணும்" என்று மேனேஜரே தோளைத் தட்டியிருந்தார். தோளில் அந்த இடம் இன்னும் கொஞ்சம் உயர்ந்தே இருந்தது.

பதினொன்றரை மணிக்கு, இரண்டு லிஃப்டுகளுக்கு எண்ணெய் போட்டு முடித்துவிட்டு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவர் அந்தப் பெருமையைத் தன் கூட்டாளிக்குப் பரிமாறிக்கொண்டிருந்தார். கூட்டாளிக்கு 'கிரீஸு' என்று பெயர். எந்தச் சட்டை போட்டாலும் பத்து நிமிடத்தில் அது காரணத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். கிரீஸு வைத்திருந்தது பட்டன் போன். அதில் வருகிற ஒரே அப்டேட், ரப்பர் பேண்டு மாற்றுவது.

"இங்க பாரு மாப்ள. இது நான் போன வாரம் எடுத்த போட்டோ. பின்னாடி நீ நின்னுட்டிருந்த. இப்ப பாரு."

கிரீஸு பார்த்தார். அவர் நின்ற இடத்தில் ஒரு சுவர் இருந்தது.

"நல்லா இருக்குடா. பத்து வருஷப் பழக்கத்த ஒரு தட்டுல சொவராக்கிட்ட."

"அத விடு. இதுதான் மெயின் ஐட்டம்." அப்டேட்டு போனை நிமிர்த்திப் பிடித்தார். "நான் உன்கூட டீ குடிச்சிட்டிருக்கேன். அதே நேரத்துல நான் வேற ஒருத்தர்கூட பேசிட்டும் இருக்கேன்."

"யார்கூட?"

"யாரா இருந்தா எனக்கென்ன? பாரு, காலைல இருந்து ஒரே நம்பர் ஆறு தடவ. எல்லாத்தையும் என் குரல்லயே பேசி அனுப்பிடுச்சு. ஒரு தடவகூட பாக்கெட்ல துடிப்பு இல்ல. கீழ என்ன போட்டிருக்கு படி."

"எனக்குக் கண்ணாடி இல்ல. நீயே படி."

"'தெரியாத எண். ஆறு அழைப்புகள். அவசரப்படுத்தும் தொனி. தொல்லை அழைப்பாக இருக்கலாம்.' இன்னொரு நம்பரும் இருக்கு. அது நாலு தடவ. அதுவும் தொல்லையாம். கூட்டாளி போல."

"அவசரப்படுத்துனா தொல்லையா?"

"பின்ன? 'இன்னைக்கு ஒரு நாள்தான் சார் ஆஃபர், இப்பவே முடிவு பண்ணுங்க சார்'னு எவன் அவசரப்படுத்துவான்? ஏமாத்துறவன்தான். நல்லவன் நாளைக்குக் கூப்பிடுவான்."

கிரீஸுக்கு இது நியாயமாகத்தான் பட்டது. "என்ன பேசினாங்கன்னு தெரியுமா?"

"வார்த்தைக்கு வார்த்தை எழுதி வெச்சிருக்கும். கேளு, சிரிக்கலாம்."

போனில் கடைசியாக வந்தது முதலில் நிற்கும். எனவே அவர் கடைசியிலிருந்து ஆரம்பித்தார். மணி பதினொன்று இருபத்தெட்டு. அழைத்தவர் ஒரு பெண். "யோவ், நீ மனுஷனாய்யா?" போன், அவருடைய குரலில்: "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி."

பெஞ்சே குலுங்கியது. டீ மாஸ்டர்கூடத் திரும்பிப் பார்த்தார். அந்த வாக்கியத்தை அப்டேட்டு காலையில் கண்ணாடி முன்னால் சொன்ன அதே தேன் குரலில் சொல்லிக் காட்டினார். கிரீஸு கண்களைத் துடைத்துக்கொண்டார். "அடுத்தது, அடுத்தது."

பதினொன்று இருபத்தொன்று. "சார், திரும்பத் திரும்ப வாழ்த்து சொல்லாதீங்க. யாரையாவது அனுப்பி வைங்க." போன்: "தாங்கள் பலமுறை அழைத்துவிட்டீர்கள். இந்த நாள் தங்களுக்கு இனிய நாளாக அமையட்டும்."

"யார அனுப்பணுமாம்?" என்றார் கிரீஸு.

"லோன் வாங்க நாம ஏஜெண்டு அனுப்பணுமோ என்னவோ."

பதினொன்று பதினாறு. "சார், ஃபேனும் நின்னுடுச்சு. ரொம்ப வேர்க்குது."

"ஏசி விக்கிறாங்கடா!" என்று கிரீஸு தொடையைத் தட்டினார். அப்டேட்டும் சிரித்தார். ஆனால் சிரிப்பு பாதியிலேயே கொஞ்சம் தேங்கியது. ஃபேன் நின்றுவிட்டது என்று வேர்த்துக்கொண்டே ஏசி விற்கிற பெண்ணை அவர் கேள்விப்பட்டதில்லை.

பதினொன்று எட்டு. "சார், நீங்க பேசறதே எனக்குப் புரியல. பேரக் கேட்டீங்க, சொன்னேன். காரணம் கேட்டீங்க, சொன்னேன். நீங்க வந்து கதவத் திறந்தா போதும். மிச்சத்த நானே தூக்கிட்டுப் போயிடுவேன்."

கிரீஸு டீயைக் கீழே வைத்தார். "என்ன கதவு?"

அப்டேட்டு திரையை மேலும் தள்ளினார். பதினொன்று இரண்டில் வந்த இரண்டாவது அழைப்பைத் தாண்டி, விரல் நேராக முதல் அழைப்புக்குப் போனது. மணி பத்து ஐம்பத்தேழு. அப்போது அந்தப் பெண்ணின் பேச்சில் கோபமே இல்லை. இதை அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை.

"வணக்கம் சார். இந்த ஒன்பது மாடி பில்டிங் லிஃப்டுக்குள்ள உங்க நம்பர் எழுதியிருக்கு, அதப் பார்த்துக் கூப்பிடறேன். லிஃப்ட் நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல நின்னுடுச்சு. உள்ள நான் ஒருத்திதான். நான் வீட்டுக்கு வந்து பார்க்குற நர்ஸ். கையில ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கு. எட்டாவது மாடியில ஒருத்தருக்குப் பன்னெண்டேகால் வரைக்கும்தான் பழசு தாங்கும். இன்னும் நேரம் இருக்கு சார், பதறாம வண்டி ஓட்டிட்டு வாங்க."

இதற்கு அவருடைய குரல் சொல்லியிருந்தது: "தங்கள் அழைப்புக்கு மிக்க நன்றி. எனக்கு இதில் தற்போது ஆர்வம் இல்லை."

லிஃப்டுக்குள் அந்த எண்ணை எழுதியவர் அவரேதான். ஏழு வருடம் முன்பு, இந்தப் பகுதிக்கு மாறி வந்த புதிதில், கறுப்பு மார்க்கர் பேனாவால் தன் பொறுப்பில் இருந்த நாற்பத்தொரு லிஃப்டுகளிலும் எழுதினார். 'ஆபீசுக்கு அடித்தால் பாட்டுப் போடுவார்கள். எனக்கு அடியுங்கள்.' யாரும் சொல்லி அவர் இதைச் செய்யவில்லை. அதனாலேயே அவருக்கு நல்ல பெயர். அந்த நாற்பத்தொரு பெட்டிகளுக்குள்ளிருந்தும் இனி யார் கூப்பிட்டாலும் அது தெரியாத எண்தான் என்பது, காலையில் கேள்விகளுக்கு விடை அழுத்தியபோது அவருக்குத் தோன்றவே இல்லை.

கிரீஸு அவர் முகத்தைப் பார்த்தார். எங்கே என்று மட்டும் கேட்டுக்கொண்டு பைக்கை உதைத்தார்.

இரண்டு தெரு தள்ளி இருந்தது அந்தக் கட்டடம். ஒன்பது மாடி. பைக்கில் நான்கு நிமிடம். நடந்தே வந்திருந்தாலும் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்காது. வாசலில் காவல்காரர் கையில் போனோடு குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் நின்றார்.

"வந்துட்டீங்களா சார்? நாலு தடவ அடிச்சேன். என் குரல் உங்களுக்குத் தெரியாதா? தினமும் வாசல்ல வணக்கம் வெக்கிறேன். 'தாங்கள் யார்'னு கேட்டீங்க."

இரண்டாவது தொல்லை யார் என்பது அப்டேட்டுக்கு இப்போது தெரிந்தது.

"ஆபீசுக்கு அடிக்கலையா?" என்றார் கிரீஸு.

"அடிச்சா ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குன்னுது. கடைசில ஒரு அம்மா எடுத்து, 'கம்ப்ளெயிண்ட் எழுதிக்கிட்டேன், ஆளு வருவார்'னு வெச்சுட்டாங்க. அந்த நர்சம்மாவோட சென்டர்ல இருந்து வேற சிலிண்டர் கிளம்பிடுச்சாம். ஊரோட அந்தக் கோடியில இருந்து வரணும். ஒண்ணே கால் மணி ஆயிடும்."

மணி பதினொன்று நாற்பத்தெட்டு.

அப்டேட்டு நான்காவது மாடிக்கு ஓடி, மூடிய கதவில் வாயை வைத்துக் கத்தினார். "அம்மா! பயப்படாதீங்க! மெக்கானிக் வந்துட்டேன்!"

உள்ளே சிலிண்டர் தரையில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு மேலிருந்து ஒரு குரல் வந்தது. களைத்திருந்தாலும் தெளிவாக இருந்தது.

"இந்தக் குரல எனக்கு நல்லாத் தெரியும். ஆர்வம் இல்லைன்னு சொன்ன ஆளுதானே நீங்க?"

"அம்மா, அது நான் இல்லம்மா. அது வந்து..."

"உங்க குரல் இல்லையா அது?"

"குரல் என்னதுதான்..."

"அப்ப ஆளு யாரு?"

பன்னிரண்டு வருடத் தொழிலில் எத்தனையோ பேர் உள்ளே மாட்டிக்கொண்டு அவரைத் திட்டியிருக்கிறார்கள். தாமதமாக வந்ததற்குத் திட்டுவார்கள், கம்பெனியைத் திட்டுவார்கள், கரண்டைத் திட்டுவார்கள். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு பதில் இருக்கும். இந்தக் கேள்விக்கு இல்லை. "மேல போறேன்மா. ஓரமா நின்னு கம்பியப் பிடிச்சுக்குங்க. பெட்டி மெதுவா அசையும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியில் ஏறினார்.

மொட்டை மாடியில் இருந்த மோட்டார் அறையில் மெயின் சுவிட்சை அணைத்தார். பெட்டியைக் கையால் நகர்த்துவது இரண்டு பேர் வேலை. ஒருவர் பிரேக்கைத் திறக்கும் கம்பியை அழுத்திப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். கிரீஸு சாவியோடு ஐந்தாவது மாடிக் கதவருகில் நிற்க வேண்டியிருந்தது. எனவே மூச்சு வாங்கிக்கொண்டு கூடவே வந்த காவல்காரரிடம் பிரேக் கம்பியைக் கொடுத்தார்.

"நான் 'பிடி'ன்னா அமுக்குங்க. 'விடு'ன்னா உடனே விட்டுடணும். யோசிக்கக்கூடாது."

"நான் யோசிக்க மாட்டேன் சார். நீங்க சொல்றது நீங்கதானான்னு மட்டும் உறுதியாச் சொல்லிடுங்க."

"நான்தான்யா!"

"சரி. கேட்டு வெச்சுக்கறது நல்லதில்லையா?"

உள்ளே ஒரே ஆள் என்றால் வடத்தின் மறுமுனையில் தொங்கும் எடைதான் பெரிது. பெட்டி மேலே வரத்தான் பார்க்கும். பிடி. சக்கரம் கால் சுற்று. விடு. பிடி. கால் சுற்று. விடு. இரும்பு வடத்தில் ஐந்தாம் மாடிக்கென்று பூசியிருந்த மஞ்சள் கோடு அங்குல அங்குலமாக நெருங்கியது. உள்ளங்கையில் வேர்வை வழுக்கியது. சட்டையில் துடைத்துக்கொண்டார். பாக்கெட்டில் இருந்த போன், அவர் இன்று நிறைய உடற்பயிற்சி செய்திருப்பதாகச் சொல்லிப் பாராட்டியது.

கீழேயிருந்து கிரீஸுவின் குரல் வந்தது. "வந்துடுச்சு! நிறுத்து!"

அவர் ஐந்தாவது மாடிக்கு இறங்கியபோது நர்ஸ் வெளியே நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் இடுப்பளவு உயரத்தில் பச்சைச் சிலிண்டர். அவள் அவரைத் திட்டுவதற்காக நிற்கவில்லை. சிலிண்டரைத் தூக்க வழி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடுங்கம்மா," என்று அவர் அதைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"தலைப் பக்கம் மேல இருக்கட்டும். வால்வு இடிச்சிடக்கூடாது." படியேறிக்கொண்டே அவள் பேசினாள். "நீங்க வேணும்னு செஞ்சிருக்க மாட்டீங்கன்னு இப்ப புரியுது. உங்க ஆளு எல்லாம் சொன்னாரு. ஆனா ஒண்ணு சொல்றேன். மொத தடவ நீங்க 'ஆர்வம் இல்ல'ன்னதும் நான் என்ன நெனச்சேன் தெரியுமா? போன் எடுக்காம விட்டிருந்தாகூட வேற யாரையாவது தேடியிருப்பேன். எடுத்துப் பேசிட்டாரே, மனுஷன்தானே, இன்னொரு தடவ கெஞ்சினா வந்துடுவாருன்னு நெனச்சு நெனச்சே அரை மணி நேரத்த விட்டுட்டேன்."

தோளில் இருந்த எடை எவ்வளவு என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தெரியவில்லை.

எட்டாவது மாடியில் கதவு திறந்தே கிடந்தது. பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர் ஒருவர் நாற்காலியில் முன்னால் சாய்ந்து, இரண்டு முழங்கால்களிலும் கைகளை ஊன்றி உட்கார்ந்திருந்தார். அப்டேட்டுவின் வயதுதான் இருக்கும். அலமாரியில் கோப்பைகளும் கழுத்தில் தொங்கவிடும் பதக்கங்களும் இருந்தன. நுரையீரல் நோய் வந்து எட்டு மாதமாகிறது என்று நர்ஸ் படியிலேயே சொல்லியிருந்தாள். மூக்கில் குழாய். பழைய சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டு நின்றது. உதடுகளில் நிறம் இல்லை. நர்ஸ் போனில் சொன்னபடி ஆக்சிஜன் வரும் அளவை அவரே குறைத்துவைத்து, அசையாமல், பேசாமல், சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறார். ஒரு காலத்தில் பந்தய மைதானத்தில் விசில் ஊதியவர்.

நர்ஸ் சாவியைத் திருப்பினாள். உஸ் என்று சத்தம் வந்தது. மணி பன்னிரண்டு ஏழு.

ஐந்து நிமிடம் கழிந்தது. ஆசிரியரின் உதடுகளில் மெல்ல நிறம் திரும்பியது. அவர் நிமிர்ந்து, வேர்வையில் நனைந்து நின்ற மெக்கானிக்கைப் பார்த்தார். கிரீஸு பொறுக்கமுடியாமல் நடந்ததையெல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். அவசரப்படுத்தும் தொனி என்பதையும் விடவில்லை.

ஆசிரியர் சிரிக்க முயன்றார். அதற்கான காற்று இன்னும் சேரவில்லை. இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சாகப் பேசினார்.

"சார்... உதவி கேக்குறவன்... அவசரமாத்தான் கேப்பான். அவனுக்கு... மூச்சு வாங்கும். நிதானமாப் பேச முடிஞ்சா... உங்களக் கூப்பிடவே... மாட்டானே."

அப்டேட்டு தலையைக் குனிந்துகொண்டார். அப்போது போன் அடித்தது. மேனேஜர். பெயர் பதிவான எண் என்பதால் போன் உடனே மரியாதையோடு துடித்தது. கை முழுக்க அழுக்கு. ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னங்க, அந்த ஒன்பது மாடி பில்டிங் செக்ரெட்டரி குதிக்கிறாரு? ஐம்பது நிமிஷம் ஆளே வரலைங்கறாரு. போன்ல ஏதோ பேசி அனுப்பிட்டீங்களாமே?"

"ஆமா சார். அது வந்து, இன்னைக்குக் காலைல போட்ட புது அப்டேட்ல..."

"அதானே பார்த்தேன்! என் போனும் காலைல இருந்து தலைகீழா நிக்குது. சரி, ஒண்ணும் கவலப்படாதீங்க. 'மென்பொருள் கோளாறு, பணியாளர் பொறுப்பல்ல'ன்னு போட்டு அனுப்பிடறேன். வெள்ளிக்கிழமை உங்க பேருக்கு ஒரு கீறல் விழாது. என்ன, போட்டுடவா?"

கிரீஸு வேகமாகத் தலையாட்டினார். 'சரின்னு சொல்லுடா' என்று அவர் வாய் சத்தமில்லாமல் அசைந்தது. நர்ஸ் காலி சிலிண்டரின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. ஆசிரியர் கண்களை மூடி மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். அந்த அறையில் அப்டேட்டுக்குப் பதிலாகப் பேச யாரும் இல்லை.

"வேணாம் சார்," என்றார்.

"என்னது?"

"போன்ல கோளாறு எதுவும் இல்ல சார். அது ஒழுங்கா வேல செஞ்சுது. தெரியாதவங்க எனக்கு முக்கியமான்னு கேட்டுது, இல்லன்னு சொன்னேன். அவசரப்பட்டா ஏமாத்துக்காரங்களான்னு கேட்டுது, ஆமான்னு சொன்னேன். நான் சொன்னத அப்படியே செஞ்சுது. 'மெக்கானிக் அழைப்பைக் கேட்கவில்லை'ன்னு எழுதுங்க."

"அப்படி ஒரு காரணமே ஃபார்ம்ல இல்லையேங்க. கரண்ட், உதிரிப் பாகம், மென்பொருள். மூணுதான் இருக்கு."

"பின்பக்கம் எழுதுங்க சார். இடம் நிறைய இருக்கும்."

மேனேஜர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப வெள்ளிக்கிழமை உங்க பேரு வராது. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

சொன்ன பிறகுதான், அது ஒன்றும் அவ்வளவு கடினமாக இல்லை என்று அவருக்கே பட்டது. போனை வைத்துவிட்டு, அங்கேயே நின்றபடி அமைப்புகளைத் திறந்தார். படத்திலிருந்து ஆளைத் துடைப்பதையும் செய்தியைச் சுருக்குவதையும் தொடவில்லை. அவற்றின் மேல் அவருக்கு எந்தக் கோபமும் இல்லை. அழைப்பை எடுத்துப் பேசும் வசதியில் மட்டும் விரலை வைத்தார். 'நிச்சயமாக அணைக்க வேண்டுமா? தொல்லைகள் வரக்கூடும்' என்று எச்சரித்தது போன்.

"வரட்டும்" என்று சொல்லி அணைத்தார்.

பிறகு நர்ஸைப் பார்த்துச் சொன்னார். "அம்மா, கீழ நீங்க ஒரு கேள்வி கேட்டீங்க. அப்ப பதில் சொல்ல வாய் வரல. உங்ககூட பேசுன ஆளு நான்தாம்மா. என் குரல்ல என் பேருல எது பேசினாலும் அதுக்கு நான்தான் பொறுப்பு. வாயத் தூக்கி மெஷின்கிட்ட குடுத்துட்டு வசதியா இருக்கலாம், தப்பில்ல. காதக் குடுக்கக்கூடாது. ஒருத்தர் கஷ்டத்தக் கேக்கறதுக்கு இன்னொரு மனுஷன்தான் வேணும்."

கிரீஸு அசந்துபோய்ப் பார்த்தார். பத்து வருடத்தில் தன் கூட்டாளி இவ்வளவு நீளமாகப் பேசி, அதில் ஒரு இடத்தில்கூட 'புது வசதி' என்ற சொல் வராதது இதுவே முதல் முறை. ஆசிரியர் கண்களைத் திறக்காமலே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

நர்ஸ் காலி சிலிண்டரை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவைத்தாள்.

"நல்லாச் சொன்னீங்க," என்றாள். "இப்ப போயி லிஃப்ட்ட சரி பண்ணுங்க. இதக் கீழ இறக்கணும்."